குப்பை என்றீர்களே, ஐயா

மதிப்பிற்குரிய கல்வி அலுவலர் ஐயா அவர்களுக்கு,

வணக்கம். மூன்று வாரங்களுக்கு முன் எங்கள் ஊர்ப் பள்ளியை ஆய்வு செய்ய வந்தபோது, ஊருணிக் கரையில் இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளோடு மண்ணில் உட்கார்ந்திருந்த ஒரு கிழவியைப் பார்த்தீர்களே, அவள்தான் எழுதுகிறேன். ஓவிய ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவள். பிள்ளைகளுக்கு நான் ஆச்சி. நடந்தது உங்களுக்கே தெரியும் என்பதால் முழுக் கதையையும் திரும்பச் சொல்லப் போவதில்லை.

“என்ன குப்பை இது, அள்ளிப் போடச் சொல்லுங்கள்” என்றீர்கள்.

குப்பை இல்லை, ஐயா. உதிர்ந்து கிடப்பதைக் கொண்டு பிள்ளைகள் தரையில் அடுக்கிச் செய்த இயற்கைக் கலை. பங்குனி பிறந்தால் கரையெங்கும் உதிர்ந்து கிடக்கும் புங்கம்பூ. நடுவில் ஒரு செம்புராங்கல், அதைச் சுற்றிப் புளியம்பழ ஓடு, அதற்கு வெளியே பூ. ஒரு பையன் மட்டும் தனியே உட்கார்ந்து பழுத்த வேப்பிலைகளை வெளிர்மஞ்சளில் தொடங்கிக் கரும்பழுப்பு வரை நிறம் பார்த்து அடுக்கிக்கொண்டிருந்தான். நடுவில் ஓர் இலை அவனுக்கு ஒத்துவரவில்லை. நான்கு முறை எடுத்து மாற்றினான். ஐந்தாவது இலையோடு திரும்பி வருவதற்குள் துடைப்பம் வந்துவிட்டது. கையில் இருந்த இலையைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வரிசையில் போய் நின்றான்.

மறுவாரம் வகுப்பு ஆசிரியைக்கு விளக்கம் கேட்டு குறிப்பாணை. பாடவேளையில் பிள்ளைகளை வெளியே அழைத்துச் சென்றது ஏன் என்பது முதல் கேள்வி. அது நியாயமான கேள்வி, பதிலும் இருக்கிறது, பின்னால் சொல்கிறேன். பாதுகாப்பைப் பற்றியும் கவலை வேண்டாம். பிள்ளைகள் தண்ணீர்ப் பக்கம் போகாமல் பார்த்துக்கொள்ளப் பெரியவர்கள் இருவர் நிற்கிறோம். உதிர்ந்ததைத்தான் எடுக்க வேண்டும், எதையும் பறிக்கக் கூடாது. தேள் இருக்கும், கல்லைப் புரட்டக் கூடாது. எருக்கையும் அரளியையும் தொடக் கூடாது. இவையெல்லாம் பிள்ளைகளுக்கு மனப்பாடம். இரண்டாவது கேள்விதான் என்னைத் தூங்கவிடவில்லை: “செயல்பாட்டின் விளைபொருள் எங்கே?”

காற்றிலும் ஆட்டின் வயிற்றிலும், ஐயா. வேறு எங்கே இருக்கும்?

நிற்காமல் போவதுதான் இந்தக் கலை. இதைச் செட்டிநாட்டில் உட்கார்ந்து விளக்க வேண்டியிருக்கிறதே என்பதுதான் வேடிக்கை. நடுவீட்டுக் கோலத்தை யாராவது சட்டம் போட்டு மாட்டியதுண்டா? பத்து நாள் தண்ணீர் தெளித்து வளர்த்த முளைப்பாரியை ஊருணியில் கரைத்துவிட்டு வருகிறோம். பிள்ளையார் நோன்பில் இருபத்தொரு இழைத் திரியை மாவில் வைத்து ஏற்றிச் சுடரோடு விழுங்கிவிடுகிறோம். அதற்கெல்லாம் எந்தப் பதிவேட்டில் விளைபொருள் காட்டினோம்? வெளிநாட்டுப் பெயர் சொன்னால்தான் எடுபடும் என்றால், ஆண்டி கோல்ட்ஸ்வொர்த்தி என்ற பிரிட்டன் கலைஞர் இலை, கல், பனிக்கட்டி கொண்டு செய்து, ஒரு படம் எடுத்துக்கொண்டு, மற்றதை வெயிலுக்கும் காற்றுக்கும் விட்டுவிடுகிறார். நல்லவேளை, அவர் நம் வட்டாரத்தில் இல்லை.

குறிப்பாணைக்குப் பிறகு நடப்பதைச் சொல்கிறேன். ‘இயற்கைக் கலை’ இப்போது வகுப்பறைக்குள், சார்ட் அட்டையில். ஆளுக்கு ஓர் அட்டை, பசை, மினுமினுப்புத் தூள். நூறு நாள் வேலைக்குப் போய்விட்டு வரும் ஒரு தாய் இரவு எட்டு மணிக்குக் கடைத்தெருவுக்கு ஓடி அட்டை வாங்கி வந்து, பிள்ளை தூங்கிய பிறகு தானே உட்கார்ந்து ஒட்டியிருக்கிறார். கோணலாக இருந்தால் சுவரில் மாட்ட மாட்டார்களாமே என்று என்னிடம் கேட்டார். ஒட்டிய புங்கம்பூ இரண்டே நாளில் கறுத்துப்போனது. அதையும் படம் எடுத்துச் செயலியில் ஏற்றியாகிவிட்டது. விளைபொருள் கிடைத்துவிட்டது, ஐயா. செய்தது பிள்ளை இல்லை, அவ்வளவுதான்.

எண்ணும் எழுத்தும் திட்டத்தை 2022இல் கொண்டுவந்தபோது முதல் மூன்று வகுப்புகளும் ஆடிப் பாடிச் செய்து கற்கும் என்றீர்கள், மகிழ்ந்தேன். கரையிலும் அதுதான் நடந்தது. முப்பது ஓடு வைத்து, காற்று ஐந்தைத் தள்ளினால் மிச்சம் எத்தனை என்று அவர்களே எண்ணினார்கள். பென்சிலை இறுக்கிப் பிடிக்கத் தெரியாத விரல்கள் பூவை நசுக்காமல் எடுத்து வைத்தன. இதையெல்லாம் எழுத உங்கள் படிவத்தில் கட்டம் இல்லை. சுவரில் எத்தனை அட்டை என்று எண்ண இருக்கிறது, கழிப்பறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் உண்டா என்று கேட்க இல்லை. அந்தத் தாழ்ப்பாளுக்காக நாங்கள் மனுக்கொடுத்து... மன்னிக்கவும், அது வேறு மடல்.

கேட்பது ஒன்றுதான். வெள்ளிக்கிழமை ஒரு மணி நேரம், ஊருணிக் கரையில், அட்டையும் பசையும் இல்லாமல். அதற்கு அனுமதியை எழுத்தில் கொடுங்கள். வாய்மொழியாகச் சொன்னால் அடுத்து வருபவர் மறுபடி துடைப்பம் கேட்பார். அந்த ஆசிரியைக்குக் கொடுத்த குறிப்பாணையையும் திரும்பப் பெறுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். வெள்ளிக்கிழமை ஒரு மணி நேரம், ஐயா. வாரத்தின் மற்ற நேரமெல்லாம் உங்களுடையது.

முடிந்தால் வரும் வெள்ளியன்று நீங்களே வாருங்கள். ஒன்பதரைக்குள் வந்துவிட்டால் நல்லது. வெயில் ஏறினால் பூ சுருண்டுவிடும்.

இப்படிக்கு,
பிள்ளைகளின் ஆச்சி