கர்ப்பப்பையை எடுக்கக் கையெழுத்துப் போடும் முன்

ஆசிரியருக்கு வணக்கம்.

கர்ப்பப்பை வாய்ப் புற்று என்று பயாப்ஸியில் வந்ததுமே, 'கர்ப்பப்பையை எடுத்துவிடலாம், உயிர்தான் முக்கியம்' என்று குடும்பம் முடிவெடுத்துவிடுகிறது. டெல்டா மாவட்டங்களில் இன்னும் குழந்தை பெறாத பெண்களுக்கும் இதே கதிதான். கட்டி எத்தனை மில்லிமீட்டர், எவ்வளவு ஆழம் இறங்கியிருக்கிறது, இரத்த, நிணநீர் நாளங்களில் புகுந்திருக்கிறதா என்று முதலில் கேளுங்கள்.

நாளங்களில் புகாமல், ஆழம் 3 மி.மீட்டருக்குள் இருந்தால், கூம்பு வடிவில் வாய்ப்பகுதியை வெட்டியெடுத்து, விளிம்பில் புற்று இல்லை என்று உறுதியானாலே பெரும்பாலும் போதும். வாய்ப்பகுதியைத் தாண்டாத, 2 செ.மீ. வரையிலான கட்டிக்கு, கர்ப்பப்பையை விட்டுவைக்கும் டிரக்கெலெக்டமி என்ற அறுவை இருக்கிறது. பிரான்சின் லியோன் நகரில் டாக்டர் டார்ஜான் 1987-ல் தொடங்கியது. வாய்ப்பகுதியையும் சுற்றுத் திசுவையும் யோனியின் மேல்விளிம்பையும் எடுத்துவிட்டு, கர்ப்பப்பையை யோனியோடு தைப்பார்கள்.

இதில் வரிசை முக்கியம். இடுப்பு நிணநீர்க் கணுக்களை முதலில் பார்க்க வேண்டும். அங்கே புற்று இருந்தால் அறுவையை அத்தோடு நிறுத்திவிட்டு, கதிர்வீச்சும் கீமோவும்தான். பிறகு, நோயாளி மயக்கத்தில் இருக்கும்போதே வெட்டிய துண்டின் மேல்விளிம்பை உறையவைத்துச் சோதிக்க வேண்டும். அங்கே புற்று தெரிந்தால் இன்னும் வெட்டவோ, கர்ப்பப்பையையே எடுக்கவோ நேரும். அதற்கான சம்மதத்தையும் முன்பே வாங்கியிருக்க வேண்டும். அந்தச் சோதனை வசதி இல்லாத இடத்தில் இதைச் செய்துகொள்ளாதீர்கள்.

வயிற்றில் சிறு துளைகள் வழியே செய்யும் லேப்ராஸ்கோப்பி அறுவைக்கு, 'சின்னத் துளைதான், சீக்கிரம் வீட்டுக்குப் போகலாம்' என்ற பேச்சுக்கும் உடனே மயங்க வேண்டாம். கர்ப்பப்பையை முழுதாக எடுக்கும் அறுவையில், நோயாளிகளைச் சீட்டுக் குலுக்கி இரு பிரிவாகப் பிரித்து ஒப்பிட்டு 2018-ல் வெளியான பன்னாட்டு ஆய்வின்படி, நாலரை ஆண்டு முடிவில் புற்று திரும்பாமல் இருந்தவர்கள் வயிற்றைத் திறந்து செய்ததில் 96.5 சதவீதம், துளைவழியில் 86 சதவீதம். கர்ப்பப்பையை அசைக்க உள்ளே செருகும் கருவி கட்டியைச் சிதைப்பதும், யோனியை வயிற்றுக்குள் திறப்பதும் காரணமாகலாம் என்று சந்தேகிக்கிறார்கள். டிரக்கெலெக்டமிக்கு இப்படிச் சீட்டுக் குலுக்கிப் பிரித்து ஒப்பிட்ட ஆய்வு வரவில்லை. ஆகவே துளைவழி என்றால், அந்தக் கருவி இல்லாமல், கட்டி வயிற்றுக்குள் சிந்தாதபடி மூடிச் செய்வீர்களா என்று மருத்துவரிடம் நேரடியாகக் கேட்பது நோயாளியின் உரிமை.

டிரக்கெலெக்டமிக்குப் பின் கர்ப்பப்பையின் திறப்பு சுருங்கி மாதவிலக்கு தடைபடலாம். வலி வந்தால் தாமதிக்காதீர்கள். கருத்தரிக்க ஆறு மாதமாவது பொறுக்க வேண்டும். கர்ப்பத்தைத் தாங்க, கர்ப்பப்பையின் அடியில் கரையாத நூலில் தையல் இருக்கும். குறைப்பிரசவ ஆபத்து உண்டு, பிரசவம் சிசேரியன்தான். தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு போகிற பெண், அறுவைக் குறிப்பின் நகலைக் கர்ப்பிணி அட்டையோடு சேர்த்து வைத்துக்கொள்ள வேண்டும். வலி எடுத்த இரவில் அங்குள்ள செவிலியருக்கு அந்தத் தையல் இருப்பது வேறு எப்படித் தெரியும்?

மகளிர் நோய் மருத்துவர்கள் இருவர்,
தஞ்சாவூர்