ஒப்புரவு வேறு, சமத்துவம் வேறு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழின் சொல்லாய்வுக் கட்டுரை, ‘சமத்துவம்’ வடசொல், அதற்குரிய பழந்தமிழ்ச் சொல் ‘ஒப்புரவு’ என்று முடிக்கிறது. முதல் பாதி சரி. இரண்டாவதை ஏற்க முடியவில்லை.

திருக்குறளின் ஒப்புரவறிதல் அதிகாரத்தைப் புரட்டினாலே தெரியும். ஊருணியில் நீர் நிறைந்தது போல (215), ஊர் நடுவே மரம் பழுத்தது போல (216), எல்லா உறுப்பும் மருந்தாகிற மரம் போல (217) என்று அடுத்தடுத்து மூன்று உவமைகள். மூன்றும் செல்வம் படைத்தவனுக்குச் சொன்னவை. உன்னிடம் இருப்பது ஊருக்குப் பயன்படட்டும் என்கிறார் வள்ளுவர். உயர்ந்த குணம்தான், ஆனால் கொடுப்பவன் கொடுப்பவனாகவும் பெறுபவன் பெறுபவனாகவுமே இருக்கிறார்கள். குறளுக்கு உரை எழுதிய பரிமேலழகரும் இதை உலகநடை அறிந்து செய்வது என்றே விளக்குகிறார். (கிறிஸ்தவர்கள் வழக்கில் ஒப்புரவு என்றால் பிணக்குத் தீர்ந்து இணைவது. அது தனிக் கதை.)

அந்த ஊருணியையே எடுத்துக்கொள்வோம். தண்ணீர் நிறைந்திருக்கிறது, சரி. யார் இறங்கி அள்ளலாம்? மகாராஷ்டிராவின் மகாட் நகரில், சவுதார் குளம் எல்லாருக்கும் பொது என்று நகராட்சியே தீர்மானம் போட்டிருந்தது. ஆனாலும் தீண்டப்படாதோர் என்று ஒதுக்கப்பட்டவர்களால் அதை நெருங்க முடியவில்லை. 1927 மார்ச் 20 அன்று அம்பேத்கர் ஆயிரக்கணக்கானோருடன் போய் அந்த நீரைக் கையால் அள்ளிக் குடித்தார். அப்புறம் அடிதடி, வழக்கு. பம்பாய் உயர்நீதிமன்றம் அவர்கள் பக்கம் தீர்ப்பளிக்க 1937 ஆயிற்று. அங்கே யாரும் யாருடைய தயவையும் கேட்கவில்லை. பின்னாளில் அரசியலமைப்பின் 15ஆவது பிரிவு கிணறு, குளம், படித்துறை என்று பெயர் சொல்லியே எழுதியது. சமத்துவம் என்று இன்று நாம் சொல்வது இந்த உரிமையைத்தான்.

‘சமன்’ குறளிலேயே இருக்கிறதே என்று யாராவது 118ஐக் காட்டலாம். அது துலாக்கோலைப் பற்றியது. நீதி சொல்பவர் ஒரு பக்கம் சாயக் கூடாது என்பதே அங்கே பேச்சு.

பழந்தமிழில்தான் வேர் வேண்டும் என்றால் ‘ஒக்கும்’ என்ற வினை போதும். “பிறப்பொக்கும் எல்லா உயிர்க்கும்” (972). மேடைகளில் இந்த மூன்று சீரோடு நிறுத்திவிடுகிறார்கள். “சிறப்பொவ்வா செய்தொழில் வேற்றுமை யான்” என்ற மிச்சத்தையும் சேர்த்துப் படித்தால்தான், ஒருவருக்குச் சிறப்பு வருவது செய்கையால், பிறப்பால் அல்ல என்பது முழுசாக விளங்கும். கட்டுரையாளர் அடுத்த பகுதியில் இந்தக் குறளை எடுத்துக்கொண்டால் நன்றாக இருக்கும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்