எந்தச் சாவியைக் கொடுத்து இணைக்கிறோம்?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். டெர்மினலில் (கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் திரையில்) இயங்கும் ஏ.ஐ. உதவியாளருடன் வெளிக் கருவி சர்வர்களை, அதாவது தரவுத்தளம் போன்றவற்றை உதவியாளர் கையாள இடையில் நிற்கும் நிரல்களை, இணைப்பது எப்படி என்று தங்கள் நாளிதழின் தொழில்நுட்பப் பக்கத்தில் கடந்த வாரம் ஒரு கட்டுரை வெளிவந்தது. இத்தகைய விஷயத்தைத் தமிழில் விளக்க முன்வந்ததற்கு முதலில் நன்றி. ஒரே வரிக் கட்டளையில் தரவுத்தளம், மின்னஞ்சல், நிரல்களைச் சேமித்து வைக்கும் தளமான கிட்ஹப் என எதை வேண்டுமானாலும் இணைத்துவிடலாம் என்று கட்டுரையாளர் எழுதியிருப்பதில் பிழை ஏதும் இல்லை. ஆனால் அந்த ஒரு வரியை அடிக்கும்போது யாருக்கு என்ன உரிமையைக் கொடுக்கிறோம் என்பது பற்றி அதில் ஒரு வாக்கியம்கூட இல்லை. திருப்பூரில் ஒரு பின்னலாடை நிறுவனத்தின் மென்பொருளையும் சர்வர்களையும் பதினோரு ஆண்டுகளாகக் கவனித்து வருபவன் என்ற முறையில், விடுபட்ட அந்தப் பகுதியைச் சொல்லவே இதை எழுதுகிறேன்.

இந்த இணைப்புகளுக்கு அடிப்படையாக இருப்பது எம்.சி.பி. (மாடல் கான்டெக்ஸ்ட் புரோட்டோகால்) எனப்படும் நெறிமுறை. ஆந்த்ரோபிக் நிறுவனம் 2024 நவம்பரில் இதைத் திறந்த நெறிமுறையாக வெளியிட்டது; 2025இல் ஓப்பன்ஏஐ, கூகுள் நிறுவனங்களும் ஏற்றுக்கொண்டன. அதற்கு முன்பு ஒவ்வொரு உதவியாளருக்கும் ஒவ்வொரு கருவிக்கும் தனித்தனியாக நிரல் எழுத வேண்டியிருந்தது. இப்போது ஒருமுறை எழுதிய சர்வரை கிளாட் கோடு, கோடெக்ஸ், ஜெமினி சி.எல்.ஐ. ஆகிய மூன்று உதவியாளர்களிலும் மாட்டிக்கொள்ள முடிகிறது. எங்களைப் போன்ற சிறிய அலுவலகங்களுக்கு இது பெரும் வரப்பிரசாதம் என்பதில் எனக்கு இரண்டாம் கருத்து இல்லை.

சர்வர்கள் இரண்டு வகைப்படும். தொலைவில் எங்கோ இயங்கும் சர்வர் ஒரு வகை. அதற்கு முகவரியைக் கொடுத்து, உலாவியில் உள்நுழைந்து ஒப்புதல் தந்தால் போதும். நம் கணினியிலேயே இயங்கும் சர்வர் மற்றொரு வகை. உதவியாளர் அதைத் தன் துணை நிரலாகத் தொடங்கி, உள்ளீடு வெளியீடு வழியாக ஜேசன் என்ற வடிவில் செய்திகளைப் பரிமாறிக்கொள்கிறது. கட்டுரையில் வந்த மாதிரிகள் அனைத்தும் இந்த இரண்டாம் வகையைச் சேர்ந்தவை. என்.பி.எம். என்ற பொது நிரல் களஞ்சியத்தில் இருக்கும் பேக்கேஜை (நிரல் தொகுப்பை), எந்தக் கேள்வியும் கேட்காமல் இறக்கி உடனே ஓட்டு என்பதுதான் அந்தக் கட்டளைகளின் பொருள். அப்படி ஓடும் நிரல் நம் பெயரில், நம் முழு உரிமையோடு ஓடுகிறது. என்னால் திறக்க முடிகிற எந்தக் கோப்பையும் அதனாலும் திறக்க முடியும்; சர்வர்களுக்குள் நுழைய நான் வைத்திருக்கும் எஸ்.எஸ்.எச். சாவிகளும் அதில் அடக்கம். உதவியாளர்தான் ஒவ்வொன்றுக்கும் அனுமதி கேட்கிறதே என்று பலர் நிம்மதியாக இருக்கிறார்கள். உதவியாளர் தான் ஒரு கருவியை அழைப்பதற்கு முன் கேட்கும் அனுமதி அது. சர்வர் தனக்குள் என்ன செய்கிறது என்பதை அது பார்ப்பதும் இல்லை, தடுப்பதும் இல்லை.

இது வெறும் கற்பனை அச்சம் என்று யாரும் எண்ண வேண்டாம். போஸ்ட்மார்க் என்ற மின்னஞ்சல் சேவையின் பெயரைத் தாங்கி, அந்த நிறுவனத்துக்குத் தொடர்பில்லாத ஒருவர் என்.பி.எம். களஞ்சியத்தில் ஒரு எம்.சி.பி. பேக்கேஜை வெளியிட்டிருந்தார். பதினைந்து பதிப்புகள் வரை அது ஒழுங்காக வேலை செய்தது. 1.0.16 என்ற பதிப்பில் சேர்ந்த ஒரே ஒரு வரி, அதன் வழியாகச் செல்லும் ஒவ்வொரு மின்னஞ்சலின் நகலையும் பி.சி.சி.யாக, அதாவது பெறுநருக்குத் தெரியாமல், வெளியார் முகவரி ஒன்றுக்கு அனுப்பத் தொடங்கியது. 2025 செப்டம்பரில் இது அம்பலமானது. பதிப்பு எண்ணைக் குறிப்பிட்டு நிறுத்தி வைத்தவர்கள் தப்பினார்கள். எப்போதும் புதியதையே இறக்கு என்று எழுதியவர்கள் மாட்டிக்கொண்டார்கள்.

எங்கள் அலுவலகத்தில் நேர்ந்ததையும் சொல்லிவிடுகிறேன். அதில் குற்றம் முழுக்க என்னுடையதே. எங்கள் ஆர்டர் பட்டியலில் ஒரே வாங்குநரின் பெயர் இரண்டு மூன்று விதமாகப் பதிவாகியிருந்தது. தரவுத்தளத்துக்கான எம்.சி.பி. சர்வரை உதவியாளருடன் இணைத்து, இரட்டைப் பதிவுகளைக் கண்டுபிடிக்கச் சொன்னேன். ஒவ்வொரு தேடலுக்கும் அனுமதி கேட்டுக்கொண்டே இருந்ததால், நான்காவது முறை சலிப்பில் 'இனிக் கேட்க வேண்டாம்' என்பதைத் தேர்ந்தெடுத்தேன். 41 இணைகள் கிடைத்தன. உதவியாளர் காட்டிய பட்டியலில் ஒரு நெடுவரிசை கலைந்திருந்தது. அதை மனத்தில் வைத்து 'சரிசெய்' என்று அடித்தேன். உதவியாளர் தரவுத்தளத்தையே சரிசெய்துவிட்டது. அந்த சர்வரில் இருந்தது ஒரே ஒரு கருவிதான்; படிக்கும் கட்டளையும் மாற்றும் கட்டளையும் அதன் வழியாகவே போகும். படிப்பதற்கென்று நினைத்து நான் கொடுத்த அனுமதி, கருவியின் பெயருக்கு விழுந்த அனுமதியாகிவிட்டது. இணைகளில் இரண்டு உண்மையில் இரட்டைப் பதிவுகளே அல்ல. ஒரே நிறுவனத்தின் வெவ்வேறு கிடங்குகள். மறுநாள் காலை பேக்கிங் பிரிவில் அட்டைப்பெட்டிகளில் ஒட்டும் முகவரி மாறியிருப்பதை ஒரு பெண் ஊழியர் கவனித்துக் கேட்ட பிறகுதான் விஷயம் வெளிப்பட்டது. முந்தைய நாள் இரவு எடுத்த பேக்கப் காப்பாற்றியது.

இன்னொரு வகை ஆபத்தில் சர்வரின் மீதே குற்றம் சொல்ல முடியாது. சர்வர் கொண்டுவந்து தரும் எழுத்தில் எது தகவல், எது கட்டளை என்று, உதவியாளரின் மூளையாக இயங்கும் மொழி மாதிரிக்கு உறுதியாகப் பிரித்தறியத் தெரியாது. 2025 மே மாதம் இன்வேரியன்ட் லேப்ஸ் ஆய்வாளர்கள் இதைக் கிட்ஹப் சர்வரை வைத்தே செய்து காட்டினார்கள். யார் வேண்டுமானாலும் புகார் எழுதக்கூடிய பொதுக் களஞ்சியத்தில், புகார் என்ற போர்வையில் சில கட்டளைகளை எழுதி வைத்தார்கள். உரிமையாளர் 'புகார்களைப் பார்' என்று சொன்னதும், உதவியாளர் அவருடைய தனிக் களஞ்சியங்களிலிருந்த விவரங்களை எடுத்துப் பொதுவெளியில் வைத்துவிட்டது. சர்வர் நேர்மையானது, உதவியாளர் நேர்மையானது. இரண்டு களஞ்சியங்களுக்கும் ஒரே டோக்கன் (நுழைவுச் சாவி) என்பதுதான் ஓட்டை.

ஆகவே இணைப்பவர்கள் முதலில் பார்க்க வேண்டியது சாவியை, அதாவது சர்வருக்குக் கொடுக்கும் பயனர் கணக்கையும் டோக்கனையும். தரவுத்தளத்துக்குத் தனிப் பயனர் ஒருவரை உருவாக்கி, தேவையான அட்டவணைகளுக்கு மட்டும் படிக்கும் உரிமையைக் கொடுத்தால், உதவியாளர் எப்படிப் புரிந்துகொண்டாலும் ஒரு வரியைக்கூட மாற்ற முடியாது. ஊழியர்களின் சம்பளம், ஆதார் எண், வங்கிக் கணக்கு எண் ஆகியவை அந்தப் பயனரின் கண்ணில் படவே கூடாது. ஏனெனில் சர்வர் நம் கணினியில் ஓடினாலும், உதவியாளர் படிப்பதெல்லாம் பெரும்பாலும் மொழி மாதிரியை நடத்தும் நிறுவனத்தின் கணினிக்குப் போகிறது. 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இதற்கு நம்மைத்தான் பொறுப்பாக்கும். கிட்ஹப் டோக்கனை ஒரு களஞ்சியத்துக்கு மட்டும் வாங்கலாம். பேக்கேஜுக்குப் பதிப்பு எண் போடலாம். பயன்படுத்தாத சர்வரை எடுத்துவிடலாம். சர்வரின் கருவி விளக்கங்கள் உதவியாளரின் நினைவிடத்தை அடைத்துக்கொள்ளக்கூடும் என்பதால், அதைச் சும்மா மாட்டி வைப்பதும் செலவாகலாம்.

இவ்வளவு விரிவாக எழுதுவதற்கு ஒரு காரணம் உண்டு. தங்கள் கட்டுரையை நான் முதலில் நாளிதழில் பார்க்கவில்லை. எங்கள் பிரிவில் பயிற்சிக்கு வந்திருக்கும் இருவர் அந்தப் பக்கத்தைக் கத்தரித்து மேசையில் வைத்துக்கொண்டு, மாதிரிக் கட்டளையை எழுத்துக்கு எழுத்து தட்டச்சு செய்துகொண்டிருந்தபோதுதான் பார்த்தேன். அந்தக் கட்டளையில் பயனர் பெயராக அச்சாகியிருந்தது 'போஸ்ட்கிரெஸ்'. அதே பெயர் கொண்ட தரவுத்தள மென்பொருளில் எதையும் அழிக்கும் உரிமை படைத்த தலைமைப் பயனரின் பெயர் அது. படிக்கும் உரிமை மட்டுமுள்ள பயனரை உருவாக்கும் இரண்டு வரிகளையும், அந்தப் பயனர் பெயரோடும் பேக்கேஜின் பதிப்பு எண்ணோடும் திருத்திய மாதிரிக் கட்டளையையும், கட்டுரை வந்த அதே பக்கத்தில் வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
தங்கள் வாசகர்,
திருப்பூர்