கேட்ட பக்கத்துக்கு வேண்டிய சிஎஸ்எஸ் மட்டும் போதும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். புளியரை, செங்கோட்டை, பண்பொழி பகுதிகளில் இணையதளங்கள் திறக்கத் தாமதமாவதாகவும், கைபேசிக் கோபுரங்கள் போதாததே அதற்குக் காரணம் என்றும் வாசகர்கள் தங்கள் நாளிதழுக்கு எழுதி வருகிறார்கள். மலையை ஒட்டிய ஊர்களில் சிக்னல் வலுவிழப்பது உண்மைதான். ஆயினும், அதே சிக்னலில் சில தளங்கள் உடனே திறப்பதும் வேறு சில வெள்ளைத் திரையாகவே நிற்பதும் ஏன் என்பதற்குக் கோபுரத்தைக் காட்டிப் பயனில்லை. இப்பகுதியில் கடைகளுக்கும் தங்கும் விடுதிகளுக்கும் இணையதளம் அமைத்துத் தரும் தொழிலில் இருப்பவன் என்ற முறையில், எளிதில் சரிசெய்யக்கூடிய ஒரு காரணத்தை மட்டும் எழுத விரும்புகிறேன். எந்தப் பக்கத்தைக் கேட்டாலும், தளம் முழுவதற்குமான சிஎஸ்எஸ் கோப்புகளை, அதாவது தோற்றத்தை வரையறுக்கும் கோப்புகளை, எல்லாம் சேர்த்து அனுப்பும் பழக்கமே அது.

பக்கத்தின் எழுத்து, நிறம், கட்டம், இடைவெளி எல்லாம் எப்படி இருக்க வேண்டும் என்று சொல்லும் இந்தச் சிஎஸ்எஸ் கோப்புக்கு ஸ்டைல்ஷீட் என்று பெயர். பக்கத்தின் நிரலில் திரையில் தெரியாத முன்பகுதியான ஹெட் பகுதியில், லிங்க் டேக் என்னும் குறியீட்டு வரி மூலம் குறிக்கப்பட்ட ஸ்டைல்ஷீட்டுகள் வந்து சேரும்வரை பிரவுசர் பொதுவாகத் திரையில் எதையும் வரைவதில்லை. கலைந்த தோற்றத்தைக் காட்டிவிட்டுப் பிறகு திருத்துவதைவிடக் காத்திருப்பது மேல் என்று அது அப்படி அமைக்கப்பட்டிருக்கிறது. ஒரு படம் வரத் தாமதமானால் அந்த இடம் மட்டும் காலியாக இருக்கும், எழுத்தைப் படித்துவிடலாம். ஸ்டைல்ஷீட் தாமதமானாலோ தொலைபேசி எண்கூடக் கண்ணில் படாது.

குற்றாலச் சீசனில் ஆரியங்காவு வழியாகக் காரில் வரும் கொல்லத்துக் குடும்பம் ஒன்று, அறை கிடைக்குமா என்று கேட்க ஒரு விடுதியின் தொடர்புப் பக்கத்தைத் திறக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அங்கே காண்பதற்கு இருப்பவை ஒரு முகவரியும் தொலைபேசி எண்களும்தான். ஆனால் ஹெட் பகுதியைப் பார்த்தால், முகப்பில் அருவிப் படங்கள் நகர்வதற்கான ஸ்லைடரின் ஸ்டைல்ஷீட், கேலரியில் படத்தைப் பெரிதாக்கும் லைட்பாக்ஸின் ஸ்டைல்ஷீட், முன்பதிவுப் பக்கத்து நாள்காட்டியின் ஸ்டைல்ஷீட், ஐகான் எழுத்துருவின் ஸ்டைல்ஷீட், போதாததற்கு பூட்ஸ்டிராப் என்னும் ஆயத்த வடிவமைப்புத் தொகுப்பு முழுவதும் வரிசையாக நிற்கும். தண்ணீர் கேட்டவருக்கு இலை போட்டுப் பந்தி பரிமாறிய பிறகே தம்ளரை நீட்டும் உபசாரம் இது. எல்லாப் பக்கங்களும் ஹெட் பகுதியை எழுதும் ஒரே ஹெட்டர் கோப்பை இன்குளூட் செய்வதால் (உள்ளே இழுத்துக்கொள்வதால்), புதிதாக எதைச் சேர்த்தாலும் அதன் லிங்க்கை அங்கேயே எழுதிவிடுவது சுலபம். பிறகு அதை எடுக்கத்தான் யாருக்கும் துணிவு வருவதில்லை.

எந்தப் பக்கம் கேட்கப்படுகிறது என்பது பக்கங்களை அனுப்பும் கணினியான சர்வருக்கு முன்கூட்டியே தெரியும். ஆகவே முடிவை அங்கேயே எடுக்கலாம். சர்வரில் இயங்கும் பிஎச்பி மொழியில் செய்வதென்றால், ஒவ்வொரு பக்கமும் ஹெட்டரை இன்குளூட் செய்வதற்கு முன்பாகத் தனக்கு வேண்டிய ஸ்டைல்ஷீட்டுகளின் பெயர்களை ஓர் அரேயில் (பட்டியலில்) எழுதி வைக்க வேண்டும்; ஹெட்டர் கோப்பு பொதுவான ஸ்டைல்ஷீட்டுக்கு லிங்க்கை எழுதிய பின், அந்த அரேயில் இருப்பவற்றை ஒரு லூப்பில் ஒன்றன்பின் ஒன்றாக எடுத்து ஒவ்வொன்றுக்கும் ஒரு லிங்க்கை எழுதும். அரே காலியாக இருந்தால் பொதுவானது மட்டும் போகும். இதில் வரிசை முக்கியம். ஹெட்டர் வெளியேறிவிட்ட பிறகு அரேயில் எதைப் போட்டாலும் அது ஹெட் பகுதிக்குப் போய்ச் சேராது. புதிதாக வேலைக்கு வரும் பிள்ளைகள் பெரும்பாலும் திணறுவது இங்கேதான். லாராவெல், ஜாங்கோ போன்ற ஆயத்த நிரல் கட்டமைப்புகளில் இந்தச் சிக்கலும் இல்லை. பொது லேஅவுட்டின் ஹெட் பகுதியில் ஓர் இடத்தைக் காலியாக விட்டு, அதை அந்தந்தப் பக்கத்தின் டெம்ப்ளேட் நிரப்பும்படி செய்ய அவற்றில் ஏற்கெனவே வழி இருக்கிறது. தளம் அமைக்க உதவும் வேர்ட்பிரஸ் மென்பொருளிலும் ஸ்டைல்ஷீட்டைப் பதிவு செய்யும் இடத்தில் இது எந்தப் பக்கம் என்று ஒரு நிபந்தனை வைத்தால் போதும்.

ஓர் எச்சரிக்கை. பக்கத்தின் பெயரை முகவரிப் பட்டையிலிருந்து அப்படியே எடுத்து, அதன் பின்னால் சிஎஸ்எஸ் என்று ஒட்டி, அந்தக் கோப்பைச் சர்வரில் தேடி வாசித்து அனுப்புகிறவர்கள் இருக்கிறார்கள். புள்ளிகளும் சாய்கோடுகளும் கலந்த பெயரைக் கொடுத்து வேறு கோப்புறைக்குள் நுழைந்து பார்க்க விரும்புகிறவருக்கு இது திறந்த கதவு. அனுமதிக்கப்பட்ட பெயர்களின் பட்டியலைக் நிரலுக்குள்ளேயே வைத்துக்கொண்டு, அதில் இல்லாததைப் புறக்கணிப்பதே முறை.

எல்லாவற்றையும் ஒரே கோப்பாக வைத்தால் முதல் முறைக்குப் பிறகு அது கேஷிலிருந்தே, அதாவது பிரவுசர் சேமித்து வைத்த பிரதியிலிருந்தே, வந்துவிடுமே என்று என் தொழில் நண்பர்கள் வாதிடுவார்கள். அலுவலகத்தில் நாள் முழுவதும் திறந்து வைத்திருக்கும் மென்பொருளுக்கு அந்த வாதம் சரி. விடுதித் தளத்துக்கு வருகிறவரோ பெரும்பாலும் ஒரே ஒரு முறை வருகிறவர். அவருக்கு முதல் வருகைதான் எல்லாம். அதற்காக ஒரு பக்கத்துக்குப் பத்துத் துண்டுகளாகப் பிரிப்பதும் வேண்டாம். 2015இல் இணையப் பரிமாற்ற விதிமுறையின் எச்டிடிபி-2 பதிப்பு வந்ததிலிருந்து ஒரே இணைப்பில் பல கோப்புகள் சேர்ந்து வர முடியும் என்றாலும், எங்கும் பயன்படும் விதிகளுக்கு ஒரு கோப்பு, பக்கத்துக்குத் தேவையானால் இன்னொன்று என்பதே கையாள எளிது. லிங்க்கின் முடிவில் கோப்பு கடைசியாக மாறிய நேரத்தைப் பிஎச்பியே சேர்க்கும்படி செய்தால், கேஷில் நீண்ட நாள் வைக்கவும் முடியும். மாற்றம் செய்தவுடன் லிங்க்கும் மாறிவிடுவதால் புதியது போய்ச் சேரவும் செய்யும்.

நம் பகுதிக்கென்றே உள்ள ஒன்றையும் சொல்ல வேண்டும். செங்கோட்டை 1956 நவம்பர் 1ஆம் தேதிதான் மொழிவழிப் பிரிவினையில் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. அதற்கு முன் திருவிதாங்கூரிலும், 1949 முதல் திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்திலும் இருந்தது. இன்றும் புனலூர், கொல்லம் வாடிக்கையாளர்களை நம்பி நடக்கும் கடைகள் இங்கே உண்டு. அவற்றின் தளங்கள் தமிழிலும் மலையாளத்திலும் இருக்கின்றன. தமிழில் படிப்பவருக்கு மலையாள எழுத்துரு எதற்கு? மொழிக்கு ஒரு தனி இணைய முகவரி இருந்தால், எந்த மொழி கேட்கப்பட்டது என்பதைச் சர்வர் அறிந்து, அதற்குரிய எழுத்துருவும் வரி இடைவெளியும் கொண்ட ஸ்டைல்ஷீட்டை மட்டும் அனுப்பலாம். ஒரே பக்கத்தில் இரண்டு மொழியும் கலந்து வரும்போது, எழுத்துரு விதியில், ஒவ்வொரு எழுத்துக்கும் ஓர் எண் தரும் யூனிகோடில் அந்த மொழிக்குரிய எல்லையைக் குறித்துவிட்டால், அந்த எல்லைக்குள் உள்ள எழுத்து பக்கத்தில் இருந்தால்தான் பிரவுசர் அந்த எழுத்துருவை இறக்கும். தமிழுக்கு 0பி80 முதல் 0பிஎஃப்எஃப் வரை, மலையாளத்துக்கு 0டி00 முதல் 0டி7எஃப் வரை என்று யூனிகோடில் தனித்தனி இடம் ஒதுக்கப்பட்டிருப்பதால் இதில் குழப்பத்துக்கு இடமில்லை.

தளம் அமைக்கக் காசு கொடுப்பவர்கள், குறிப்பாகக் கல்லூரிகளும் உள்ளாட்சி அமைப்புகளும், வேலையைச் சரிபார்த்து வாங்கும்போது முகப்புப் பக்கத்தின் அழகை மட்டும் பார்க்கிறார்கள். குரோம் பிரவுசரின் டெவலப்பர் கருவிகளில் கவரேஜ் என்றொரு பகுதி இருக்கிறது. அதைத் திறந்து பக்கத்தை மீண்டும் ஏற்றினால், வந்து சேர்ந்த சிஎஸ்எஸ்ஸில் அந்தப் பக்கம் பயன்படுத்தாத அளவைச் சிவப்புப் பட்டையாகக் காட்டும். பட்டனை அழுத்தினால் மட்டும் விரியும் மெனு போன்றவற்றின் விதிகளும் அதுவரை சிவப்பாகவே தெரியும் என்பதால், சிவப்பு முழுவதையும் குற்றமாகக் கொள்ளக் கூடாது. ஆனால் முகவரி மட்டுமே உள்ள பக்கத்தில் நாள்காட்டியின் கோப்பு முழுவதும் சிவப்பாக நின்றால் அமைத்தவரைக் கேட்கலாம். கடைசித் தவணைத் தொகையைக் கொடுப்பதற்கு முன் தொடர்புப் பக்கம், கட்டணப் பக்கம், விண்ணப்பப் பக்கம் ஆகியவற்றையாவது இவ்வாறு பார்க்க வேண்டும் என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி சேர்க்கும்படி அவர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
இணையதள வடிவமைப்பாளர் ஒருவர்,
செங்கோட்டை, தென்காசி மாவட்டம்.