கல்லில் உன் பெயர் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்

அன்பு மகனுக்கு,

அப்பா எழுதுகிறேன். ஆண்டவருடைய கிருபையால் நானும் உன் அம்மாவும் சுகம். மருமகளையும் பேத்தியையும் கேட்டதாகச் சொல். போனில் பேசினால் நான் நினைத்தது பாதியிலேயே நின்றுபோகிறது. இது கொஞ்சம் நீளமான விஷயம். அதனால் நோட்டை எடுத்து உட்கார்ந்துவிட்டேன். பக்கத்து வீட்டுப் பையன் படம் பிடித்து உனக்கு அனுப்பித் தருவதாகச் சொல்லியிருக்கிறான்.

போன ஞாயிறு ஆராதனை முடிந்து சபைக் கமிட்டி கூடியது. குளத்துக்கரை வீட்டு வேலை முடியப் போகிறது, முகப்பில் கறுப்புக் கல் ஒன்று பதிக்கலாம், அதில் உன் பெயரும் வர வேண்டும் என்றார்கள். பாளையங்கோட்டையில் கல்லுக்கு விலை விசாரித்துவிட்டே வந்திருந்தார்கள். நான் எழுந்து, என் மகன் பெயர் வேண்டாம், யார் பெயருமே வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். பணம் உன்னுடையது, பெயரும் உன்னுடையது. உன்னைக் கேட்டுவிட்டுச் சொல்வதுதான் முறை. வாய் முந்திவிட்டது. ஏன் அப்படிச் சொன்னேன் என்று உனக்குத் தெரிய வேண்டும் அல்லவா?

அந்த வீடு யாருக்கு என்று நான் உனக்கு விவரமாகச் சொல்லவில்லை. உன்னோடு எட்டாம் வகுப்பு வரை படித்தாளே, கணக்கில் எப்போதும் உனக்கு ஒரு மார்க் முன்னால் நிற்பாளே, அந்தப் பிள்ளைக்குத்தான். புருஷன் போய் ஆறு வருஷம் ஆகிறது. இரண்டு பெண்பிள்ளைகள். பீடி சுற்றித்தான் இரண்டு பேரையும் படிக்க வைக்கிறாள். இருந்தது மாமனார் காலத்து மண்சுவர் வீடு. மேலே பாதி ஓடு, பாதி தகரம்.

2023 டிசம்பர் 17, 18 மழையை நீ டிவியில் பார்த்திருப்பாய். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் கொட்டியது. தாமிரபரணிக் கரை ஊர்கள் பட்ட பாடு எல்லோருக்கும் தெரிந்தது. நம்ம பக்கம் ஆறு இல்லை, ஆனால் குளம் உடைந்தது. மண்சுவர் தண்ணீரில் நின்றால் உடனே விழாது ஐயா. தண்ணீர் வடிந்து, வெயில் அடித்து, ஊர்க்காரர்கள் அப்பாடா என்று மூச்சு விடும்போதுதான் அடி இளகி உட்காரும். அந்த வீடு மூன்றாம் நாள் மத்தியானம் உட்கார்ந்தது. பிள்ளைகள் கோயில் வளாகத்தில் சாப்பாட்டுக்கு வந்திருந்ததால் தப்பித்தார்கள். அதன்பிறகு தார்ப்பாய்க்குக் கீழேதான் குடித்தனம்.

அடுத்த வருஷம் கலைஞரின் கனவு இல்லம் திட்டம் வந்தது. 360 சதுர அடி வீடு, அரசாங்கம் கொடுப்பது 3.5 லட்சம் ரூபாய். நல்ல திட்டம், நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் பணம் முதலில் கைக்கு வராது. அஸ்திவாரம் எழும்பினால் ஒரு பில், லிண்டல் வந்தால் ஒரு பில், கூரை போட்டால் ஒன்று, முடித்தால் ஒன்று. ஒவ்வொரு கட்டத்தையும் நீ முடித்துக் காட்டிய பிறகுதான் பணம். பீடி சுற்றுகிறவள் அஸ்திவாரத்துக்கு எங்கே போவாள்? வட்டிக்குத்தான் போக வேண்டும். வீடு கட்ட வட்டிக்கு வாங்கி, வீடு முடிவதற்குள் இருக்கிற ஆட்டையும் கம்மலையும் இழந்தவர்களை நான் கொத்து வேலைக்குப் போன தெருக்களில் நிறையப் பார்த்திருக்கிறேன். பேஸ்மட்டத்தோடு நின்று, உள்ளே சீமைக்கருவேல் முளைத்துக் கிடக்கிற வீடுகள் நம்ம சுற்றுவட்டாரத்திலேயே உண்டு.

அதற்கும் முன்னால் பட்டா. இடம் நத்தம், பட்டா மாமனார் பெயரில். அது இவள் பெயருக்கு மாறாமல் லிஸ்டில் பெயரே ஏறாது. நம்ம சபையில் ரிட்டயர்டு டீச்சர் ஒருத்தர் இருக்கிறார், உனக்கும் தெரியும். வாரிசுச் சான்று, இறப்புச் சான்று என்று ஒரு பைக்கட்டைக் கையில் வைத்துக்கொண்டு நாலு மாதம் அந்தப் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு அலைந்தார். பஸ்காசுகூட யாரிடமும் வாங்கவில்லை. வெயிலில் கல் சுமந்தவர்களைத்தான் போட்டோ எடுத்தார்கள். என்னைக் கேட்டால், அந்த வீட்டின் முதல் கல் அந்த டீச்சர் சுமந்த பைக்கட்டுதான்.

சபை செய்தது இதுதான்: அஸ்திவாரத்துக்குக் கைமாற்று கொடுத்தது. வட்டி கிடையாது, எழுத்து கிடையாது. பில் பாஸானதும் அது திரும்ப வரும். வீடு வீடாக உலை வைக்கும்போது ஒதுக்குகிற கைப்பிடி அரிசியில் வந்தது கொஞ்சம், அறுப்பின் பண்டிகை ஏலத்தில் வந்தது கொஞ்சம். ஒரு வாழைத்தாரை ஆளாளுக்கு ஏற்றி, எடுத்தவரே திரும்ப ஏலத்துக்கு வைத்து, இப்படி மூன்று தடவை. அப்புறம் நீ அனுப்பிய ஒரு லட்சம்.

இப்போது கேள். நீ அனுப்பிய பணம் அந்த வீட்டில் இல்லை. அஸ்திவாரப் பில் வந்ததும் அது திரும்பிவந்து, வடக்குத் தெருவில் ஆடு மேய்க்கிற பெரியவர் வீட்டு அஸ்திவாரத்துக்குள் போய்விட்டது. அங்கே பில் வந்ததும் மூன்றாவது வீட்டுக்குப் போகும். ஓடிக்கொண்டிருக்கிற பணத்துக்கு எந்தச் சுவரில் கல் பதிப்பது?

நீ சனிக்கிழமைகளில் உங்கள் சபையோடு வீடு கட்டப் போகிறதைச் சொன்னாயே, அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை, சந்தோஷத்தில். அமெரிக்காவில் அமெரிக்கஸ் என்ற ஊரில் ஃபுல்லர் என்பவரும் அவர் மனைவியும் 1976இல் ஆரம்பித்த ஹேபிடட் அமைப்பு என்றாய். லாபம் வைக்காத கடன், கட்டுகிற தவணை அடுத்த வீட்டுக்குப் போகும், வீட்டுக்காரரும் கூடவே நின்று உழைக்க வேண்டும் என்றாய். 1983இலேயே நம் நாட்டில், இப்போதைய தெலங்கானாவின் கம்மம் பக்கம் வந்துவிட்டார்கள் என்றும் நீதான் சொன்னாய். இங்கே நாங்கள் யாரையும் பார்த்துச் செய்யவில்லை, ஆனாலும் அதே வழியில்தான் வந்து நிற்கிறோம்.

ஆனால் ஒரு வித்தியாசம். உங்கள் ஊரில் மரச்சட்டம், ஆணி. ஒரு சனிக்கிழமையில் சொல்லிக்கொடுத்தால் படித்த பிள்ளைகள் செய்துவிடலாம். இங்கே கல் கட்டு. வாலிபர் சங்கத்துப் பையன்கள் முதல் சனிக்கிழமை ஆசையோடு கரண்டி பிடித்தார்கள். மூன்று வரி ஏறியதும் தூக்குக்குண்டு விட்டுப் பார்த்தேன், ஒரு விரல் சாய்வு. பிரித்துவிட்டேன். ஒரு பையன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு போய்விட்டான். எனக்கும் கஷ்டமாகத்தான் இருந்தது. ஆனால் அந்தச் சுவருக்குப் பக்கத்தில் தூங்கப்போவது அந்த இரண்டு பெண்பிள்ளைகள். இலவசமாகக் கட்டினாலும் சுவர் நேராகத்தான் நிற்க வேண்டும். அதன்பிறகு கொத்து வேலை எனக்கும் இன்னும் இரண்டு கொத்தனார்களுக்கும். தோண்டுவது, கல் எடுத்துக் கொடுப்பது, மணல் சலிப்பது, நனைப்பது எல்லாம் பையன்களுக்கு. கோபித்துப் போனவன் மறுவாரமே வந்து ரசமட்டம் பார்க்கக் கற்றுக்கொண்டான். இப்போது அவன் கண் என் கண்ணைவிடச் சுத்தம்.

ஆள் கூட்டம் நிஜமாகத் தேவைப்பட்டது காங்கிரீட் அன்றைக்கு. 360 சதுர அடியில் காங்கிரீட் கூரை 300 சதுர அடி, ஐந்து அங்குலக் கனம், 28 மூட்டை சிமெண்ட். ஆரம்பித்தால் நிறுத்தக் கூடாது. நடுவில் நின்றால் ஜாயிண்ட் விழுந்து அந்த இடத்தில் பின்னால் ஒழுகும். காலை ஆறு மணிக்கு சபைப் போதகர் ஐயர் ஜெபம் பண்ணினார், ஆறே காலுக்கு மிஷின் சுற்ற ஆரம்பித்தது. ஏணியில் ஆளுக்கு ஆள் நின்று சட்டி கை மாறிக்கொண்டே இருந்தது. நம்ம சபையார் மட்டும் இல்லை. அந்தப் பிள்ளை முத்தாரம்மன் கோயிலுக்குப் போகிறவள். கொடைத் திருவிழாக் கமிட்டிக்காரர்கள் கோயில் அண்டாவைக் கொடுத்துவிட்டு, அவர்களும் சட்டி வரிசையில் நின்றார்கள். உன் அம்மாவும் நாலைந்து பெண்களும் கூட்டாஞ்சோறு பொங்கினார்கள். சாப்பிட இறங்கவே ஆள் ஆளாய் மாற்றிக்கொண்டுதான் இறங்கினோம். ஐம்பது வருஷத்தில் எத்தனையோ கூரை போட்டிருக்கிறேன், இப்படிச் சத்தமும் சிரிப்புமாக ஒன்று போட்டதில்லை.

அப்புறம் மேலே பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்தியது அந்த இரண்டு பிள்ளைகள்தான். பதினாலு நாள், பள்ளிக்கூடம் போகிறதுக்கு முன்னாலும் வந்த பின்னாலும் குடம் குடமாக. ஜன்னலும் அந்தப் பிள்ளை கேட்டபடிதான் வைத்தோம். வழக்கமாகத் தரையில் இருந்து மூன்று அடி விட்டு ஜன்னல் வைப்போம். அவள் வந்து தரையில் உட்கார்ந்து காட்டி, "மாமா, பீடி சுத்தும்போது மடியில வெளிச்சம் விழணும்" என்றாள். வடக்குச் சுவரில் இரண்டு அடியில் வைத்தேன். இத்தனை வருஷம் கட்டியதில் யாரும் என்னிடம் அப்படி உட்கார்ந்து காட்டிக் கேட்டதில்லை.

கமிட்டியில் நான் வேண்டாம் என்றதும் செயலர் ஒரு நியாயம் சொன்னார். டோனாவூரைப் பாருங்கள், மிஷனரி ரேனியஸ் ஐயர் 1827இல் இடம் வாங்கப் பணம் கொடுத்தவர் ஜெர்மனி நாட்டு டோனா பிரபு, அவர் பெயர் ஊருக்கே நின்றுவிட்டதே, சாயர்புரமும் அப்படித்தானே என்றார். சரியான கேள்வி, நானும் யோசித்தேன். நம்ம சீமையில் வீடு இழந்த ஏழைக்கு இடம் தேடிக் கொடுப்பது சபைக்குப் புதிதே இல்லை. 1799இல் முதலூர் என்ற ஊர் எழும்பியதும், கிறிஸ்தவர்களானதால் துரத்தப்பட்டவர்களுக்காகத்தான். விரட்டப்பட்டவர்களுக்கு நிலம் வாங்கவே ரேனியஸ் ஐயர் 1830இல் தர்ம சங்கம் வைத்தார். ஆனால் ஊர்ப் பெயர் என்பது ஆயிரம் பேர் பங்குபோட்டுக்கொள்வது. அதில் யாருக்கும் கனம் தெரியாது. ஒரு வீட்டு நெற்றியில் எழுதினால் அந்தக் கனம் முழுக்க ஒரே குடும்பத்தின் தலையில்.

எனக்கு அந்தக் கனம் தெரியும். உனக்கு நான் இதைச் சொன்னதே இல்லை. எனக்கு ஏழு வயசில் நம்ம தெரு ஓலை வீடுகள் எரிந்தன. பனையேறிகள் தெரு, ஒரு பொறி போதும். வெளியூர் நல்ல மனுஷர் ஒருத்தர் சுவர் எழுப்பி ஓடு போட்டுக் கொடுத்தார். அந்தக் கூரை இல்லாவிட்டால் என் தங்கச்சியை அந்த மழைக்காலத்தில் நாங்கள் பிழைக்க வைத்திருக்க முடியாது. இன்றைக்கும் அவரை நினைத்து ஜெபிக்கிறேன். ஆனால் வாசலுக்கு மேலே தகரப் பலகை ஒன்று அடித்தார்கள், இன்னார் தர்மத்தால் கட்டப்பட்டது என்று. பள்ளிக்கூடத்தில் எனக்குப் பெயர் "தர்ம வீட்டுப் பையன்". பந்து விளையாட்டில் ஜெயித்தாலும் அதுதான், அடித்துக்கொண்டாலும் அதுதான். உன் தாத்தா ஒவ்வொரு கிறிஸ்மஸுக்கும் சுண்ணாம்பு அடிப்பார். பலகையில் ஒரு சொட்டு படாமல் துணியால் மூடிவிட்டு அடிப்பார். நன்றி மறக்கக் கூடாது என்பார். அந்த வீட்டைத் தன் வீடு என்று அவர் சொல்லி நான் கேட்டதே இல்லை. சாகிறவரைக்கும் "அவங்க கட்டித் தந்தது" என்றுதான் சொன்னார்.

உன்னோடு படித்த பிள்ளை காலையில் வாசல் தெளிக்க வெளியே வரும்போதெல்லாம் தலைக்கு மேலே உன் பெயர் இருப்பதை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. அவள் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகிறார்கள். கமிட்டியில் நான் இவ்வளவும் சொல்லவில்லை, தொண்டை அடைத்துவிட்டது. உட்கார்ந்துவிட்டேன். ஐயர்தான், அடுத்த ஞாயிறு முடிவு பண்ணலாம், மகனிடமும் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள் என்றார்.

அதனால் கேட்கிறேன். உனக்குச் சம்மதமா? உனக்கு மனசில் வேறு எண்ணம் இருந்தால் மறைக்காமல் சொல், நான் வருத்தப்பட மாட்டேன். சம்மதம் என்றால் இன்னொன்றும் சொல்லிவிடு: அந்த ஒரு லட்சம் இந்த வீட்டுக்கு அந்த வீட்டுக்கு என்று இல்லாமல் கைமாற்றாகவே சுற்றட்டும் என்று உன் வாயால் செயலரிடம் சொன்னால் போதும். நான் சொல்வதைவிட நீ சொன்னால் எடுபடும்.

டிசம்பரில் வரும்போது ரப்பர் கையுறை பத்து ஜோடி வாங்கி வா, முழங்கை வரைக்கும் வருகிற மாதிரி. சிமெண்ட் பட்டுப் பையன்கள் விரல் இடுக்கெல்லாம் வெந்து கிடக்கிறது. எனக்குப் பழகிப்போன கை, அவர்களுக்கு அப்படி இல்லை. வடக்குத் தெரு வீட்டுக்கு வருகிற வியாழக்கிழமை நிலை வைக்கிறோம். கூரை எப்படியும் நீ வருகிற சமயத்தில்தான் போடுவோம். சட்டி வரிசையில் உனக்கு இடம் பிடித்து வைக்கிறேன்.

ஞாயிறு கூட்டம் பதினோரு மணிக்கு. அதற்கு முன்னால் போன் பண்ணு.

அன்புள்ள,
அப்பா