50,000 கன அடிக்குக் கீழே போனால்?

ஆசிரியர் அவர்கட்கு,

இந்தியாவும் பங்களாதேஷும் 1996 இல் கைச்சாத்திட்ட கங்கை நீர் உடன்படிக்கையின் ஆயுள் 2026 டிசெம்பர் 12 வரைதான். அதைப் பற்றிய பேச்சு எல்லாம் யாருக்கு எத்தனை வீதம் என்பதிலேயே சுற்றுகிறது. வீதத்தில் அவ்வளவு சிக்கல் இல்லை, அளவையில்தான் இருக்கிறது.

ஜனவரி 1 முதல் மே 31 வரை, இந்தியாவில் பங்களாதேஷ் எல்லைக்கு அருகே உள்ள பராக்கா அணைக்கு வரும் நீரைப் பத்து நாட்களுக்கு ஒரு தவணையாகப் பங்கிடுகிறார்கள். விநாடிக்கு 70,000 கன அடியோ அதற்குக் குறைவோ என்றால் ஆளுக்குப் பாதி. 75,000 வரை பங்களாதேஷுக்கு 35,000, மிச்சம் இந்தியாவுக்கு. அதற்கு மேல் இந்தியாவுக்கு 40,000, மிச்சம் பங்களாதேஷுக்கு. மார்ச் 11 முதல் மே 10 வரை மட்டும் விசேட ஏற்பாடு: தவணை மாறி மாறி ஒவ்வொரு நாட்டுக்கும் 35,000 உறுதி. ஏப்ரலில் 55,000 தான் வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். முறைக்காரருக்கு 35,000, மற்றவருக்கு 20,000. பயிர் நிற்கும் வயலுக்கு அந்தப் பத்து நாள் கொஞ்சமல்ல.

50,000க்குக் கீழே இறங்கினால் உடனடியாகக் கலந்தாலோசிப்பதாக எழுதியிருக்கிறார்கள். இலக்கம் எதுவும் இல்லை. வரட்சியில் ஆலோசனை முடியுமுன் தவணை முடிந்துவிடும். உடன்படிக்கையின் பங்கீட்டு அட்டவணைக்கு அடிப்படையோ 1949 முதல் 1988 வரையான சராசரி நீர்வரத்து. மேலே நீர் எடுப்பதும் மழையின் போக்கும் மாறிவிட்ட ஆற்றுக்கு அந்தக் கணக்கு எப்படிப் பொருந்தும்?

பராக்காவுக்குக் கீழேயும் இந்தியாவின் பங்கைக் கொண்டுபோகும் ஊட்டுக் கால்வாயிலும் பங்களாதேஷின் ஹார்டிஞ் பாலத்திலும் இரு நாட்டு அணிகளும் தினமும் அளக்க வேண்டும் என்பது நல்ல விதி. ஆனால் நீர்மட்டக் கோலை வாசிப்பது மட்டும் நீரை அளப்பதாகாது. மட்டத்தை நீரோட்டமாக மாற்ற ஒரு வளைகோடு வேண்டும். மணற்படுக்கை ஆற்றில் ஒரு பெருவெள்ளம் போனால் படுக்கை ஓரிடத்தில் அரிபடும், இன்னோரிடத்தில் மேடாகும். அதே மட்டத்தில் வேறு அளவு நீர் ஓடும். வெள்ளம் வடிந்ததும் ஆற்றுக்குக் குறுக்கே பல இடங்களில், மேற்பரப்பிலிருந்து ஆழத்தின் 0.2, 0.8 பங்குகளில் வேகம் எடுத்து, சராசரி கண்டு, வளைகோட்டைத் திருத்த வேண்டும். இதைத் தள்ளிப்போட்டால் இருவரும் நேர்மையாக வாசித்தும் கணக்கு ஒத்துவராது. பிறகு தண்ணீர்த் திருட்டு என்ற பேச்சுதான்.

வெள்ளக் காலத்துக்கு வேறு கதை. நம் களனி கங்கையில் கித்துல்கல, கிளென்கோர்ஸ், ஹங்வெல்ல, நாகலகம் வீதி என்று மேலிருந்து கொழும்பு வரை உள்ள நீர்மட்ட மானிகள் எல்லாம் ஒரே நீர்ப்பாசனத் திணைக்களத்தின் கையில். கிளென்கோர்ஸ் ஏறும்போதே, நாகலகம் வீதி 5 அடிச் சிறு வெள்ளத்தோடு நிற்குமா, 7 அடிப் பெருவெள்ளத்தைத் தொடுமா என்று கணிக்கலாம். மேல் மானி வேறு நாட்டில் இருந்தால்? 2025 ஏப்ரலில், பாகிஸ்தானுடனான சிந்து நதி நீர் உடன்படிக்கையை இந்தியா இடைநிறுத்தியது. ஆகஸ்டில், ஜம்முவிலிருந்து பாகிஸ்தானுக்குள் பாயும் தாவி ஆற்றின் வெள்ள எச்சரிக்கை, அந்த உடன்படிக்கையின் சிந்து ஆணைக்குழு வழியாக அல்லாமல் உயர் ஸ்தானிகராலயம் வழியாகப் பாகிஸ்தானுக்குப் போனது. போனதே பெரிது, ஆனாலும் வெள்ளச் செய்திக்கு அது சுற்றுவழி.

புதிய கங்கை உடன்படிக்கையில் 50,000, 45,000, 40,000 ஒவ்வொன்றுக்கும் பங்கை முன்கூட்டியே எழுதிவிட வேண்டும். சராசரியை ஐந்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். மேல் மானிகளின் வாசிப்பு மணித்தியாலத்துக்கு ஒருமுறை, அமைச்சுகளுக்குப் போகாமல், நேரே கீழ்நாட்டு வெள்ள எச்சரிக்கை நிலையத்துக்கே போக வேண்டும்.

நீரியல் துறையினர் சிலர்,
வெள்ளவத்தை, கொழும்பு 06