யாரும் கேட்காத போர்வை

தண்டையார்பேட்டை,
ஞாயிறு மதியம்

பாப்பா,

நேற்று ராத்திரி போனில் நீ பேசியதைவிடக் கொட்டாவி விட்டதுதான் அதிகம். தூக்கத்தில் பல்லைக் கடிக்கிறாய் என்று உன் ரூம் பெண் சொன்னாளாமே. "வரைஞ்சா மனசு லேசாகும்னுதாம்மா ஆர்டர் எடுத்தேன், இப்ப அதுவும் சேர்ந்து கழுத்தை நெரிக்குது" என்றாய் பார், அதற்கப்புறம் எனக்குத் தூக்கம் வரவில்லை. போனில் சொன்னால் "சரிம்மா, சரிம்மா" என்று வைத்துவிடுவாய். அதனால்தான் இந்தக் கடிதம்.

பத்தாவது படிக்கும்போது அப்பாவோடு காசிமேட்டுக்கு மீன் வாங்கப் போவாய். ஏலம் முடியும்வரை ஐஸ் பெட்டி மேல் உட்கார்ந்து ரஃப் நோட்டில் படகு படகாக வரைவாய். அந்த நோட்டு இன்னும் பரண்மேல் இருக்கிறது. அந்தப் படங்களை உன்னிடம் யாரும் கேட்கவில்லை. இப்போது ஒரு நாய்க்குட்டிப் படத்துக்கு மூன்று தடவை திருத்தம் சொல்கிறார்கள்: கண்ணைப் பெரிசாக்கு, பின்னால் கலரை மாற்று. காசு வருவதில் தப்பில்லை. ஆனால் ஆபீஸ் விட்டு வந்து இன்னொரு ஆபீசில் உட்காருகிறாய்.

இது எனக்குப் பட்டுத் தெரிந்தது. பிடித்த தையல் வேலையைத்தானே செய்கிறாள், இவளுக்கு என்ன டென்ஷன் என்று உன் அத்தை என்னைச் சொல்லுவாள். தீபாவளி வாரத்தில் வந்து பார்க்கட்டும். எம்.சி. ரோட்டில் புடவை எடுத்த கையோடு நேராக நம் வாசலுக்கு வருவார்கள். கொடுக்கிற அளவு பிளவுஸ் ஒரு சைஸ், ஆள் ஒரு சைஸ். கை பிடிக்குது, கழுத்து இறங்குது என்று ராத்திரி பத்து மணிக்குத் திரும்ப வரும். 30 வருஷமாய்த் தைக்கிறேன், அந்த வாரத்தில் மட்டும் மிஷின் சத்தம் கேட்டாலே வயிற்றைப் பிசையும்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்ததே, நீ அங்கிருந்து போன் போட்டுப் போட்டு லைன் கிடைக்காமல் அழுதாயே, அப்போது மூன்று நாள் நமக்குக் கரண்ட் இல்லை. தெருவில் முழங்கால் தண்ணீர். ஆர்டர் கேட்டு ஒருத்தரும் வரமாட்டார்கள். ஓவர்லாக் மிஷின் செத்துக் கிடந்தது, ஆனால் பாட்டியின் கால் மிஷினுக்குக் கரண்ட் எதற்கு? ஜன்னலோரம் இழுத்துப் போட்டு, வெட்டுத்துணி மூட்டையை அவிழ்த்தேன். மயில்கழுத்து, அரக்கு, மாம்பழ மஞ்சள், யார் யார் கல்யாணத்துப் பட்டோ! சதுரமாய் வெட்டி ஒன்றோடொன்று சேர்த்துத் தைத்துக்கொண்டே போனேன். அளவு கிடையாது, தேதி கிடையாது. கோணலாய்ப் போனால் போகட்டும். வெளியே ஊரே தவிக்கும்போது சொல்ல வெட்கமாய்த்தான் இருக்கிறது, அந்த ராத்திரி கொசுக்கடியிலும் அடித்துப்போட்டமாதிரித் தூங்கினேன்.

அதிலிருந்து செவ்வாய்க்கிழமை மதியம் இரண்டிலிருந்து மூன்றுவரை கதவைத் தாழ்போட்டுவிடுவேன். போன் அரிசி டிரம்முக்குள். முதலில் நாலைந்து பேர் கோபித்துக்கொண்டார்கள், இப்போது மூன்று மணிக்கு மேல் வருகிறார்கள். போர்வை இன்னும் முடியவில்லை. முடிக்கிற அவசரமும் இல்லை.

இதை உன் தம்பியிடம் சொன்னபோது சிரித்தான், அப்புறம் அவனே செல்லில் ஒன்றைப் படித்துக் காட்டினான். அமெரிக்காவில் ட்ரெக்சல் பல்கலைக்கழகத்தில் செய்த ஆராய்ச்சி, 2016-ல் வெளியானதாம். 39 பேருக்குக் களிமண், ஸ்கெட்ச் பேனா, ஒட்டுவதற்குப் பேப்பர் எல்லாம் கொடுத்து, 45 நிமிஷம் இஷ்டப்படி செய்யச் சொல்லியிருக்கிறார்கள். முன்னாலும் பின்னாலும் எச்சிலை எடுத்து, டென்ஷனில் ஏறும் கார்டிசோலை அளந்தார்களாம். முக்கால்வாசிப் பேருக்குக் குறைந்திருந்தது. முன்பே வரையத் தெரிந்தவர்களா இல்லையா என்பதால் பெரிய வித்தியாசம் இல்லையாம். சிலருக்கு ஏறியும் இருக்கிறது, அதையும் மறைக்காமல் படித்தான். 39 பேரை வைத்து உலகத்துக்கே சொல்லிவிட முடியாது. ஆனால் என் செவ்வாய்க்கிழமைக்கு அது பொருந்துகிறது.

உன் அப்பாவைப் பார். நம் பக்கத்துப் பெண் காசிமா 2024-ல் அமெரிக்காவுக்குப் போய் கேரம் உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வாங்கி வந்தாள். இவர் 40 வருஷமாய்த் தெருமுனை போர்டில் தோற்றுக்கொண்டிருக்கிறார். தினமும் சட்டையெல்லாம் போரிக் பவுடரோடு, சந்தோஷமாய்த்தான் வீட்டுக்கு வருகிறார்.

கையில் இருக்கிற இரண்டு ஆர்டரை முடித்துக் கொடு, வாக்கு கொடுத்தது. அதற்கப்புறம் இரண்டு மாதம் புதிதாய் எடுக்காதே. வாரத்தில் ஒரு முக்கால் மணி நேரம் உனக்காகப் படம் வரை. நல்ல பேப்பரில் வேண்டாம், அது பயமுறுத்தும். வரைந்ததைப் போட்டோ எடுத்து யாருக்கும் போடாதே, எனக்கும் அனுப்ப வேண்டாம். பல் டாக்டரை மட்டும் இந்த வாரமே பார்த்துவிடு. படம் வரைந்தால் தேய்ந்த பல் வளராது.

கூரியரில் ரஃப் நோட்டு இரண்டு வைத்திருக்கிறேன். கூடவே நெத்திலிக் கருவாடும், மூன்று கவர் போட்டுத் தனியாய்க் கட்டியிருக்கிறேன். பிரிக்கும் முன்னால் ரூம் பெண்ணிடம் சொல்லிவிடு.

அம்மா